அடுத்த நாள் யார் போனார்கள்?



ஜெகதாப்பட்டினம் என்ற பெயரை நீங்கள் எங்கே படித்திருப்பீர்கள்? ‘ஜெகதாப்பட்டினம் மீனவர்கள் கைது’, ‘எல்லை தாண்டியதாக விசைப்படகு பறிமுதல்’, ‘மீனவர்கள் வேலைநிறுத்தம்’. பலருக்கு இவ்வளவுதான் அந்த ஊர். புதுக்கோட்டை மாவட்டம் மணமேல்குடி வட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோட்டைப்பட்டினத்துக்கு அருகில் இருக்கிறது. திங்கள், புதன், சனி அங்கே விசைப்படகுகள் கடலுக்குப் போகும் நாட்கள். மீன்வளத்துறை டோக்கனை வாங்கி, டீசலும் ஐஸும் ஏற்றிக் கிளம்பினால், மறுநாள் கரைக்கு வந்து இறாலையும் நண்டையும் கணவாயையும் ஏலத்தில் போட்டால்தான் டீசல் கடன் அடையும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மடி என்னும் இழுவலையைத் தைப்பதும் படகுக்கு வர்ணம் அடிப்பதுமாக ஊரே கரையில் இருக்கும்.

இந்த வாழ்க்கை செய்தி ஆவதில்லை. அதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. எல்லா ஊரின் அன்றாடமும் அப்படித்தான். என் வருத்தம் வேறு. இந்த ஊரில் ஒருவர் கொல்லப்பட்டால்கூட, அது எத்தனை நாள் செய்தியாக நிற்கும் என்பதை அந்தச் சாவு தீர்மானிப்பதில்லை. வேறு எவையெவையோ தீர்மானிக்கின்றன. அவற்றைப் பற்றி இந்த மாதம் உங்களோடு பேச வேண்டும் என்று தோன்றியது.

2011 ஜனவரி 12ஆம் தேதி, ஜெகதாப்பட்டினத்திலிருந்து கடலுக்குப் போன ஒரு மீனவர் துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்தார். சுட்டது இலங்கைக் கடற்படை என்றார்கள் கூட இருந்தவர்கள். கடற்படை மறுத்தது. தமிழ் நாளிதழ்கள் எழுதின, கட்சிகள் கண்டித்தன. டெல்லியிலிருந்து ஒளிபரப்பாகும் ஆங்கில, இந்தித் தொலைக்காட்சிகளில் அது ஓரமாக வந்து போனது. பத்து நாள் கழித்து, ஜனவரி 22ஆம் தேதி, வேதாரண்யம் பக்கம் புஷ்பவனத்தைச் சேர்ந்த இன்னொரு மீனவர் கழுத்தில் கயிறு இறுக்கிக் கொல்லப்பட்டார். அதன் பிறகுதான் செய்தி பற்றிக்கொண்டது. ட்விட்டரில் தமிழ் இளைஞர்கள் ‘டிஎன் ஃபிஷர்மேன்’ என்ற குறிச்சொல்லின் கீழ் இரவு பகலாக எழுதித் தள்ளினார்கள். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டுப் பிரச்சினை ஒன்று அப்படி இணையம் வழியாகத் தேசிய ஊடகத்தின் கதவைத் தட்டியது அரிது. அவர்களின் கேள்வி நேரானது: இறந்தவன் இந்தியக் குடிமகன்தானே, பிறகு ஏன் இது இந்தியச் செய்தி இல்லை?

மாத இறுதியில் வெளியுறவுச் செயலர் நிருபமா ராவ் கொழும்புக்குப் போனார். எந்தச் சூழ்நிலையிலும் மீனவர்கள்மீது பலப்பிரயோகத்தை நியாயப்படுத்த முடியாது என்று இரண்டு அரசுகளும் சேர்ந்து அறிக்கை விட்டன. ஏப்ரல் 13இல் தமிழகச் சட்டமன்றத் தேர்தல். அதுவரை மீனவர் படுகொலை மேடைகளில் இருந்தது. தேர்தல் முடிந்தது, ஜெகதாப்பட்டினத்துச் சாவும் செய்தியிலிருந்து போய்விட்டது. யார் சுட்டார், எந்தக் கப்பல், யார் உத்தரவு, விசாரணை என்ன ஆனது என்று கேட்டுப் பின்தொடர்ந்த செய்தி எனக்குத் தெரிந்து இல்லை.

இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்னொரு நிகழ்ச்சி இருக்கிறது. பதின்மூன்று மாதம் கழித்து, 2012 பிப்ரவரி 15ஆம் தேதி, கேரளக் கரையிலிருந்து இருபது கடல் மைல் தொலைவில் ‘செயின்ட் ஆன்டனி’ என்ற மீன்பிடிப் படகுமீது ‘என்ரிகா லெக்ஸி’ என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலிலிருந்து சுட்டார்கள். இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் கொல்லத்துக்காரர், மற்றவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்தவர். கடற்கொள்ளையர் என்று நினைத்துவிட்டோம் என்றது இத்தாலித் தரப்பு. நான்காம் நாள் மாசிமிலியானோ லத்தோரே, சல்வத்தோரே ஜிரோனே என்ற இரண்டு கடற்படை வீரர்கள் கைதானார்கள். அதற்குப் பிறகு ஒன்பது ஆண்டுகள் அந்தச் செய்தி சாகவே இல்லை. ஓட்டுப் போட்டுவிட்டு வரச் சொந்த நாட்டுக்கு அனுப்பப்பட்ட வீரர்கள் திரும்ப மாட்டார்கள் என்று 2013 மார்ச்சில் இத்தாலி சொன்னது. இத்தாலியத் தூதர் இந்தியாவை விட்டுப் போகக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். வீரர்கள் திரும்பி வந்தார்கள். அவர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய முடிவை எதிர்த்து இத்தாலிய வெளியுறவு அமைச்சர் ஜூலியோ டெர்சி பதவி விலகினார். வழக்கு ஹேக் நகரத்து நடுவர் மன்றம் வரை போனது. வீரர்களை இந்தியா விசாரிக்க முடியாது, ஆனால் இழப்பீடு உண்டு என்று 2020 ஜூலையில் தீர்ப்பு வெளியானது. இத்தாலி 10 கோடி ரூபாய் கட்டியது. இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி என்று பிரித்து, 2021 ஜூன் 15இல் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்தது.

அந்தக் குடும்பங்களுக்குக் கிடைத்த ஒவ்வொரு ரூபாயும் நியாயமானது. ஆனால் நான் கேட்பது இது: அங்கும் ஆயுதம் இல்லாத மீனவர், இங்கும் ஆயுதம் இல்லாத மீனவர். அங்கும் கடல், இங்கும் கடல். ஒன்று ரோம் நகரத்தில் அமைச்சர் நாற்காலியை ஆட்டியது, மற்றது மாவட்டச் செய்தியாக முடிந்தது. ஏன்?

வெள்ளைக்காரர் சுட்டதால் என்று சிலர் சொல்வார்கள். கேரளத்தின் ஊடக பலம் என்று சிலர். இரண்டிலும் உண்மை உண்டு. என் நினைப்பில் அவற்றைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. கொல்லத்துச் சாவுக்கு, அடுத்த நாள் நிருபர் போவதற்கு ஓர் இடம் இருந்தது. கொச்சித் துறைமுகத்தில் படம் எடுக்க அந்தக் கப்பல் நின்றது. காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களுக்குப் பெயரும் முகமும் இருந்தன. நீதிமன்றத்தில் வாய்தா தேதி இருந்தது. வாய்தா தேதி இருக்கும் வரை எந்தச் செய்தியும் அணைந்து போகாது; ஒவ்வொரு தேதிக்கும் ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு நாலு வரி எழுதுவார். ஜெகதாப்பட்டினத்துச் சாவுக்கு அப்படி எந்த வாசலும் இல்லை. சுட்ட கப்பல் கண்ணுக்கெட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. பார்த்த சாட்சிகள் மறுநாளைய சோற்றுக்காக அடுத்த டோக்கனுக்கு நிற்க வேண்டியவர்கள். மறுப்பு வெளியிட்ட தரப்பின் அலுவலகம் வேறு நாட்டில். நிருபர் போகக்கூடிய ஒரே இடம் துக்க வீடு. துக்க வீட்டுக்கு எத்தனை நாள் போவார்?

இங்கே எங்கள் தொழிலின் ஒரு சின்ன நடைமுறையையும் சொல்ல வேண்டும். வெளியில் இருப்பவர்களுக்கு இது அவ்வளவாகத் தெரியாது. நம் பெரிய நாளிதழ்கள் பல பதிப்புகளாக வருகின்றன. ராமேசுவரத்துச் செய்தி பெரும்பாலும் மதுரைப் பதிப்புக்குப் போகும். ஜெகதாப்பட்டினமும் கோட்டைப்பட்டினமும் திருச்சிப் பதிப்பின் மாவட்டப் பக்கம். ஒரே பாக் நீரிணை, ஒரே இரவு, ஒரே கடற்படை. ஆனால் ராமேசுவரம் பக்கத்துத் தங்கச்சிமடத்துக்காரர் படிக்கும் பக்கத்தில் ஜெகதாப்பட்டினத்துக்காரர் இல்லாமல் போகலாம். சென்னைப் பதிப்பில் இரண்டு பேருமே இல்லாமல் போகலாம். ராமேசுவரத்தில் கோயில் உண்டு, ரயில் உண்டு, தங்கியிருக்கும் தொலைக்காட்சிச் செய்தியாளர்களும் உண்டு. ஜெகதாப்பட்டினத்துக்கு அறந்தாங்கியிலிருந்தோ புதுக்கோட்டையிலிருந்தோ ஒருவர் மோட்டார் சைக்கிளில் வர வேண்டும். அவர் பெரும்பாலும் பகுதிநேரச் செய்தியாளர், வெளியான செய்திக்குத்தான் காசு. மூன்று மாதம் கழித்து அந்த வீட்டுக்குப் போய் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து கேட்டு எழுதினால் டெஸ்க் அதைப் போடுமா என்பது அவருக்குத் தெரியாது. பெட்ரோல் மட்டும் நிச்சயம் செலவாகும். இவ்வளவுக்கும் நடுவில் அந்தக் கடற்கரையைப் பற்றி நமக்குத் தெரிந்திருப்பதெல்லாம் இப்படிப்பட்டவர்களின் உழைப்பால்தான். அவர்களுக்கு இந்தப் பக்கத்தின் வணக்கம்.

செய்தியைத் தேர்ந்தெடுக்கும் இந்தக் கணக்கை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர்கள் நார்வேயின் யோஹான் கால்டுங்கும் மாரி ரூகேயும். காங்கோ, கியூபா, சைப்ரஸ் நெருக்கடிகளை நார்வே நாளிதழ்கள் எப்படி எழுதின என்று பார்த்து 1965இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சட்டென்று நடந்து முடிவது, குழப்பமில்லாமல் புரிவது, வலிமையான நாட்டையோ பெரிய மனிதரையோ தொடுவது, வாசகனுக்குப் பழக்கமான உலகத்துக்குப் பக்கத்தில் இருப்பது ஆகியவை செய்தியாகின்றன. மெதுவாக நடப்பதும் தூரத்தில் நடப்பதும் விடுபடுகின்றன என்பதுதான் அவர்கள் கண்டதன் சாரம். அறுபது ஆண்டு ஆகிவிட்டது. கைப்பேசி வந்தும் அந்தக் கணக்கு பெரிதாக மாறவில்லை.

2015 ஜனவரியை நினைத்துப் பாருங்கள். 7ஆம் தேதி பாரிசில் ‘ஷார்லி எப்தோ’ பத்திரிகை அலுவலகத் தாக்குதலில் 12 பேர் கொல்லப்பட்டார்கள். 11ஆம் தேதி நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் தலைவர்கள் கலந்துகொண்ட ஊர்வலத்தை உலகமே நேரலையில் பார்த்தது. அதே வாரத்தில், 3ஆம் தேதி தொடங்கி, நைஜீரியாவின் வடகிழக்கு மூலையில் பாகா என்ற ஊரில் போகோ ஹராம் என்ற தீவிரவாதக் குழு புகுந்து மக்களைக் கொன்று குவித்தது. 150 பேர் என்றது அரசு. 2,000 வரை இருக்கலாம் என்றன முதலில் வந்த தகவல்கள். பாகா எப்படிப்பட்ட ஊர் தெரியுமா? சாட் ஏரிக்கரையில் இருக்கும் மீன்பிடி ஊர். பத்திரிகையாளர் போக வழியில்லை, தொலைபேசித் தொடர்பு இல்லை. பாகாவிலும் பக்கத்து தோரோன் பாகாவிலும் 3,700க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தோ இடிந்தோ போயிருந்ததை அம்னஸ்டி அமைப்பு செயற்கைக்கோள் படங்களை வைத்துத்தான் காட்ட வேண்டியிருந்தது. பாரிசில் அழுதவர்களின் கண்ணீரை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு பத்திரிகை அலுவலகத்தில் நடந்த கொலை என்னைப் போன்றவர்களின் நெஞ்சில் தைக்காமல் போகுமா? ஆனால் பாகாவின் மீனவர்களுக்காக யார் ஊர்வலம் போனார்கள்?

திரும்ப நம் கடலுக்கு வருவோம். 2021 ஜனவரி 18ஆம் தேதி கோட்டைப்பட்டினத்திலிருந்து போன ஒரு விசைப்படகு, நெடுந்தீவுப் பக்கம் இலங்கைக் கடற்படைக் கப்பலோடு ஏற்பட்ட மோதலில் மூழ்கியது. அதில் இருந்த நாலு பேரும் இறந்தார்கள். ஒருவர் மண்டபம் முகாமில் வளர்ந்த இலங்கைத் தமிழ் அகதி. போரிலிருந்து தப்ப எந்த நாட்டை விட்டு ஓடி வந்தார்களோ, அந்த நாட்டின் கடற்படைக் கப்பலோடு ஏற்பட்ட மோதலில் அவர் இறந்தார். இந்த ஒரு வாழ்க்கையை மட்டும் எழுத ஒரு புத்தகம் வேண்டும். ஆனால் 19ஆம் தேதி பிரிஸ்பேனில் இந்தியக் கிரிக்கெட் அணி சரித்திர வெற்றி பெற்றது. அந்த ஆட்டத்தில் அறிமுகமான நம் நடராஜனும் வாஷிங்டன் சுந்தரும் தமிழ்நாட்டையே தலைநிமிர வைத்தார்கள். 20ஆம் தேதி அமெரிக்காவில் ஜோ பைடன் பதவியேற்பு. 21ஆம் தேதி நடராஜனுக்குச் சின்னப்பம்பட்டியில் சாரட்டு வண்டியில் ஊர்வலம். டெல்லி எல்லையில் விவசாயிகளின் போராட்டம், 26ஆம் தேதி டிராக்டர் பேரணி. ஒவ்வொன்றும் செய்திதான். எதையும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. அந்த நாட்களில்தான் நாலு உடல்களும் கடலில் தேடி எடுக்கப்பட்டு, கடல் எல்லையில் கைமாற்றப்பட்டு, கோட்டைப்பட்டினம் வந்து சேர்ந்தன. குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தது தமிழக அரசு. நிவாரணம் அறிவித்தாயிற்று என்றால் எங்கள் தொழிலில் அந்தச் செய்தி முடிந்தது என்று பொருள். அதே ஆண்டு அக்டோபரில் கோட்டைப்பட்டினத்துப் படகு ஒன்று மறுபடியும் அதேபோன்ற மோதலில் சிக்கி இன்னொருவர் இறந்தார். ஜனவரியில் நடந்ததை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தால் அக்டோபர் வந்திருக்காது என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. கேட்கவில்லை என்பதை மட்டும் சொல்ல முடியும்.

இந்தக் கணக்கை எல்லாம் எங்களைவிட நன்றாகப் புரிந்து வைத்திருப்பவர்கள் கடற்கரை மக்கள்தான். 2017 மார்ச் 6ஆம் தேதி தங்கச்சிமடத்து இளைஞர் ஒருவர் கடலில் சுட்டுக் கொல்லப்பட்டபோது, குடும்பமும் ஊரும் உடலை வாங்க மறுத்துவிட்டார்கள். ஒரு வாரம் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். மத்திய அமைச்சர்கள் வந்து பேசும் வரை எழுந்திருக்கவில்லை. அந்த ஒரு வாரமும் கேமராக்கள் அங்கேயே இருந்தன. உடலை வாங்க மறுப்பது இன்று தமிழ்நாடு முழுக்க, காவல் நிலையச் சாவோ சாதிக் கொலையோ, பல கொடுமைகளிலும் நடப்பதைப் பார்க்கிறோம். எதற்காக? அடக்கம் முடிந்தால் அதிகாரிகளும் போய்விடுவார்கள், நாங்களும் போய்விடுவோம் என்று அவர்களுக்குத் தெரியும். பெற்ற பிள்ளையைச் சவக்கிடங்கில் விட்டுவிட்டு ஒரு தாய் சாலையில் உட்கார்ந்தால்தான் நாடு திரும்பிப் பார்க்கும் என்ற பாடத்தை அவளுக்குக் கற்றுக் கொடுத்தது யார்? இதை எழுதும்போது கை கூசுகிறது. ஒரு தொழில் இந்தப் பாடத்தை மக்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது என்றால், அந்தத் தொழில் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் இந்தப் பக்கம் முழுமையாகாது. சில வாசகர்களுக்கு இது கசக்கலாம். என்மேல் உள்ள அன்பால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2022 ஜனவரி இறுதியில், யாழ்ப்பாணம் வடமராட்சி கிழக்கில் வத்திராயன் என்ற ஊரிலிருந்து கடலுக்குப் போன இரண்டு மீனவர்கள் திரும்பவில்லை. பிறகு உடல்கள்தான் கரை ஒதுங்கின. இந்திய இழுவைப் படகு மோதித்தான் இறந்தார்கள் என்று அந்த மக்கள் குற்றம் சாட்டினார்கள். பருத்தித்துறை சுப்பர்மடத்தில் சாலையை மறித்து நாள்கணக்கில் போராடினார்கள். இறந்தவர்கள் தமிழர்கள். அழுதவர்கள் தமிழில் அழுதார்கள். நம் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிகளில் எத்தனை நிமிடம் அது வந்தது? போர்க் காலத்தில் பல ஆண்டுகள் கடலில் இறங்கவே விடப்படாத மக்கள் அவர்கள். 2009க்குப் பிறகு கடன் வாங்கி வலை வாங்கினார்கள். அந்த வலைகளை இரவில் நம் இழுவை மடி அறுத்துக்கொண்டு போகிறது என்பது அவர்களின் நெடுநாள் குறை. 2017இல் இலங்கை இழுவை மடிக்குச் சட்டத்திலேயே தடை போட்டது. 2011 பிப்ரவரியில், அதாவது ஜெகதாப்பட்டினத்துச் சாவு நடந்த அடுத்த மாதம், பருத்தித்துறைக் கடலில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழக மீனவர்களைப் பிடித்துக் கரைக்குக் கொண்டுபோனவர்கள் கடற்படையினர் அல்ல, அந்த ஊர்த் தமிழ் மீனவர்கள். இங்கே அது ‘சிறைபிடிப்பு’ என்று மட்டும் வந்தது. காரணத்தைத் தேடிப் போய் எழுதியவர்கள் சிலரே.

ஜெகதாப்பட்டினத்தில் இழுவைத் தொழில் செய்பவர்களுக்கும் இது தெரியாத விஷயம் அல்ல. இறங்குதளத்தில் உட்கார்ந்து பேசினால், அந்தப் பக்கத்துக்காரர்களின் வலை போவது தப்புத்தான் என்று வயதானவர்கள் வாய்விட்டே சொல்வார்கள்; இந்தப் பக்கத்தில் மீன் இல்லை, படகுக் கடன் கழுத்தை நெரிக்கிறது, வேறு தொழிலுக்கு வழி காட்டுங்கள் என்பதையும் அடுத்த மூச்சிலேயே சொல்வார்கள். குண்டு பட்டுச் செத்தவரின் மேல் இதனால் துளி குற்றமும் ஏறாது. ஒருவரைச் சுட்டுக் கொல்ல எந்த எல்லைக்கோடும் உரிமை தராது. ஆனால் டெல்லி நம் சாவைக் காட்டவில்லை என்று கோபப்படும் நாம், வத்திராயனின் சாவைக் காட்டியிருக்க வேண்டும். டெல்லிக்கும் ஜெகதாப்பட்டினத்துக்கும் உள்ள தூரம் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். வத்திராயன் நமக்கு ஓர் இரவுப் படகுப் பயணத் தூரத்தில் இருக்கிறது.

ஆகவே நம் இதழ் ஒரு சின்ன வேலையைத் தொடங்குகிறது. பாக் நீரிணையில் வன்முறையில் இறந்த மீனவர்களின் எண்ணிக்கையை மேடைக்கு மேடை வேறு வேறாகச் சொல்கிறார்கள். எண்ணைப் பிறகு பார்த்துக்கொள்வோம். அடுத்த இதழிலிருந்து ஒவ்வொரு மாதமும் ஒரு பக்கம், ஒரே ஒரு நிகழ்ச்சி. அன்று என்ன நடந்தது என்பது கால் பக்கம். மீதி முக்கால் பக்கமும் அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதற்கு: வழக்கு பதிவானதா, எந்தப் பிரிவில், விசாரணை எங்கே நிற்கிறது, அறிவித்த நிவாரணம் முழுதாக வந்ததா, சொன்ன வேலை கிடைத்ததா, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா, படகுக் கடனை யார் கட்டுகிறார்கள். குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் பெயரோ படமோ போட மாட்டோம். எழுதிய வீட்டுக்கு ஆறு மாதம் கழித்து மறுபடியும் போவோம். முதல் பக்கம் 2011 ஜனவரி 12. இரண்டாவது வத்திராயன், யாழ்ப்பாணத்து நண்பர்கள் அங்கே போய்க் கேட்டு எழுதித் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், கட்டுமாவடி, மீமிசல் வாசகர்களே, உங்களிடம் பழைய செய்தித்தாள் நறுக்கு, முதல் தகவல் அறிக்கை நகல், மனு கொடுத்த ரசீது எது இருந்தாலும் நகல் எடுத்து அனுப்புங்கள். மூலப் பிரதியை அனுப்ப வேண்டாம், அது உங்களிடமே பத்திரமாக இருக்கட்டும். எழுதச் சிரமமாக இருந்தால் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம். செவ்வாய், வியாழன் மாலைகளில் அழையுங்கள். கடலுக்குப் போன படகுகள் கரைக்கு வந்து, ஏலம் முடிந்து, வீடு திரும்பியிருக்கும் நேரம் அது என்பதால்தான் அந்த நாட்கள்.

அன்புடன்,
ஆசிரியர்